போத்தனூருக்கு ஏன் அந்த மவுசு?

கேள்வி: கோவை இருக்க, பக்கத்துச் சிற்றூர் போத்தனூர் ஜங்ஷன் ஆனது எப்படி?

பதில்: பாலக்காட்டுக் கணவாயை நோக்கிப் பாதை போட்ட மதராஸ் ரயில்வேக்கு நேர்வழிதான் முக்கியம். அதனால் 1860-களில் தண்டவாளம் போத்தனூர் வழியே போனது. கோவை ஒதுங்கி நின்றது. 1873-ல் இங்கிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப்பாதை பிரிந்தபோது அது கோவையைத் தொட்டுச் சென்றது. ரயில்வே காலனி, ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், சிக்னல் பணிமனை எல்லாம் சேர்ந்துதான் ஊர் உருவானது.

போத்தனூருக்குப் போகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. 1921 நவம்பரில் மலபாரின் திரூரிலிருந்து மாப்பிளா முஸ்லிம் கைதிகளை ஆங்கிலேயர்கள் காற்றுப் புகாத சரக்கு வேகனில் அடைத்து அனுப்பினார்கள். கதவு திறக்கப்பட்டது போத்தனூரில்தான். 60-க்கும் மேற்பட்டவர்கள் மூச்சுத் திணறி இறந்தார்கள். திரூரில் நினைவு மண்டபம் இருக்கிறது. போத்தனூர் நிலையத்திலும் அந்த வரலாறு பயணிகள் கண்ணில் படும்படி எழுதப்பட வேண்டும்.