ஆறு விநாடிக்கு முன்னால் நான்கு வருஷம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டக்காரர் டக் ஃப்ளூட்டியின் அந்தக் கடைசி வீச்சை வீடியோவில் பார்த்துவிட்டு, "இது குருட்டு அதிர்ஷ்டம்தானே அண்ணா? இந்த ஒரு பந்துக்காகவா அவருக்கு ஹைஸ்மன் கோப்பை கொடுத்தார்கள்?" என்று கேட்டிருக்கிறாய். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு ஒரு மனிதரின் கணக்கை முடித்துவிடும் அவசரம் உனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. கோபமில்லை. ஆனால் கேட்டது கேட்டாய், பதிலை முழுக்கப் படித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

முதலில் ஆட்டத்தைப் புரிந்துகொள். அமெரிக்கன் ஃபுட்பாலில் பந்து வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். ஒவ்வொரு முயற்சியிலும் பந்து அநேகமாகக் குவார்ட்டர்பேக் கைக்குத்தான் முதலில் வரும். வந்த நொடியே எதிரணியின் மலை மாதிரி ஆட்கள் அவரைச் சாய்க்க ஓடி வருவார்கள். இரண்டு மூன்று விநாடிக்குள், எந்தப் பக்கம் யார் தனியாக இருக்கிறார், வீசுவதா, பக்கத்து ஆளிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று அவர் முடிவெடுத்தாக வேண்டும். பந்தைத் தூரமாக வீசத் தெரிந்தவரெல்லாம் குவார்ட்டர்பேக் ஆகிவிடலாம் என்று எழுதியிருக்கிறாயே, அதை முதலில் அடித்துவிடு.

இப்போது உன் வீடியோவுக்கு வருகிறேன். 1984 நவம்பர் 23, நன்றி அறிதல் நாளுக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை. மயாமியின் ஆரஞ்சு பவுல் மைதானத்தில் மயாமி பல்கலைக்கழகமும் பாஸ்டன் கல்லூரியும் மோதின. மயாமி அதற்கு முந்தைய ஆண்டின் தேசிய சாம்பியன். அவர்களுடைய குவார்ட்டர்பேக் பெர்னி கோசார், நல்ல உயரம், நல்ல கை. ஆட்டம் முடிய 28 விநாடி இருக்கும்போது மயாமி 45-41 என்று முந்தியது. பாஸ்டன் கல்லூரியின் குவார்ட்டர்பேக் ஃப்ளூட்டி இரண்டு பாஸ்களில் அணியைத் தன் பாதியிலிருந்து எதிரணியின் 48 யார்டு கோடு வரை கொண்டுவந்தார். மிச்சம் ஆறு விநாடி. நீ பார்த்தது இதற்குப் பிறகு நடந்ததை மட்டும்.

வலப்பக்கம் ஓடி, பிடிக்க வந்தவரிடமிருந்து நழுவி, தன் பாதியின் 37 யார்டு அருகிலிருந்து எதிர்க்காற்றில் வீசினார். பந்து 60 யார்டுக்கு மேல் பறந்தது. புள்ளி கிடைக்கும் கடைசிக் கோட்டுக்கு அருகில் கூட்டமாகத் தாவிய கைகளுக்குப் பின்னால் ஜெரார்ட் ஃபீலன் அதை மார்போடு அணைத்துக்கொண்டு விழுந்தார். பந்து கோட்டைத் தாண்டிச் சேர்ந்ததால் டச்டவுன். 47-45. அந்த முயற்சி தொடங்கிய கோட்டிலிருந்துதான் அளப்பார்கள் என்பதால் பதிவேட்டில் அது 48 யார்டு பாஸ் என்றுதான் இருக்கிறது.

"அதைத்தானே அதிர்ஷ்டம் என்கிறேன்" என்பாய். தெரியும். கொஞ்சம் பொறு. நேரம் தீர்ந்துபோகும்போது, கடவுளை நம்பி வீசுவதுபோல் நீளமாக வீசும் பாஸை 'ஹெயில் மேரி' என்பார்கள். அது கைகூடுவது அபூர்வம்தான், மறுக்கவில்லை. ஆனால் பாஸ்டன் கல்லூரி அணி அந்த வகை வீச்சுக்கு '55 ஃப்ளட் டிப்' என்று பெயர் வைத்து, பயிற்சியில் திரும்பத் திரும்ப ஆடிப் பார்த்திருந்தது. பந்து பிடிப்பவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் ஓட வேண்டும். ஃபீலன் பந்தைப் பிடிக்க வேண்டும், முடியாவிட்டால் கூட இருப்பவர் பக்கம் தட்டிவிட வேண்டும். மயாமியின் தடுப்பாளர்களோ, இந்தக் குள்ளப் பையனால் இந்தக் காற்றில் இவ்வளவு தூரம் வீச முடியாது என்று நம்பி, ஃபீலனைத் தங்களைத் தாண்டிப் பின்னால் போக விட்டுவிட்டார்கள். எதிரி தன்னைக் குறைத்து மதிப்பிட்டதை ஒருவர் தன் தோள் பலத்தால் பயன்படுத்திக்கொண்டார். அதற்கு அதிர்ஷ்டம் என்று நீ பெயர் வைக்கிறாய்.

இன்னொன்றும் சொல்கிறேன். அந்த வீச்சுக்கு முன்பே அன்றைக்கு அவர் 400 யார்டுக்கு மேல் வீசியிருந்தார். ஆட்டம் முடிந்தபோது 46 பாஸில் 34 கைசேர்ந்து 472 யார்டு, மூன்று டச்டவுன். கோசார் 447 யார்டு. இரண்டு பேரும் மாறி மாறி அடித்த அந்த மூன்று மணி நேரம் இல்லாவிட்டால், கடைசி ஆறு விநாடிக்கு அர்த்தமே இருந்திருக்காது.

அடுத்து, ஹைஸ்மன் கோப்பை. அது அந்தந்த ஆண்டின் மிகச் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கு வாக்களித்துக் கொடுப்பது. நீ மட்டுமல்ல, அமெரிக்காவிலேயே பலர் இன்றுவரை அந்த ஒரு பாஸுக்காகத்தான் ஃப்ளூட்டிக்கு அது கிடைத்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தவறு. மயாமி ஆட்டத்துக்கு முன்பே வாக்குகளில் பெரும்பகுதி விழுந்துவிட்டது. வீச்சும் விருதும் சுமார் ஒரு வார இடைவெளியில் அடுத்தடுத்து வந்ததால், ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று ஊர் முடிச்சுப் போட்டுவிட்டது. அடுத்தடுத்து நடந்தவற்றையெல்லாம் காரண காரியம் என்று எடுத்துக்கொள்ளாதே. ஆட்டத்துக்கு மட்டும் சொல்லவில்லை.

பிறகு எதற்காகக் கொடுத்தார்கள்? நான்கு வருஷத்துக்காக. மாசசூசெட்ஸில் நேடிக் என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளியிலிருந்து வந்த பையன். உயரம் ஐந்தடி பத்து அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. முதல் நிலைக் கல்லூரிகளில் பாஸ்டன் கல்லூரி ஒன்றுதான் உதவித்தொகை கொடுத்து அழைத்தது. அந்தக் கல்லூரியின் லட்சணத்தையும் கேள்: 1978-ல் ஆடிய 11 ஆட்டத்திலும் தோற்ற அணி அது. 1981-ல் ஃப்ளூட்டி சேர்ந்தபோது குவார்ட்டர்பேக் வரிசையில் அவர் பெயர் கடைசிப் பக்கம். பென் ஸ்டேட் அணியிடம் 38-0 என்று தோற்றுக்கொண்டிருந்தபோது, இனி இழக்க ஒன்றுமில்லை என்ற நிலையில்தான் பயிற்சியாளர் ஜாக் பிக்னெல் இவரை உள்ளே அனுப்பினார். இவர் வந்து டச்டவுன் போட வைத்தார். அதற்குப் பிறகு அந்த இடம் இவருடையது. 1982-ல் கல்லூரி நாற்பது வருஷம் கழித்து சீசன் முடிவில் தேர்ந்த அணிகள் ஆடும் ஒரு பவுல் ஆட்டத்துக்குப் போனது. 1984-ல் அலபாமாவை அவர்கள் மண்ணிலேயே 38-31 என்று வென்றது. 10 வெற்றி, இரண்டு தோல்வி. 1985 புத்தாண்டு அன்று காட்டன் பவுலில் ஹூஸ்டனை 45-28 என்று வீழ்த்தியது. நான்கு வருஷத்தில் ஃப்ளூட்டி வீசியது 10,579 யார்டு. கல்லூரி ஆட்டத்தில் 10,000 யார்டைத் தாண்டிய முதல் ஆள் அவர்தான். இதையெல்லாம் ஒரு நிமிஷ வீடியோவில் எவன் காட்டுவான்?

உயரத்தைப் பற்றியும் கேட்டிருந்தாய். குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் நிற்கும் தன் ஆட்களும் எதிரணி ஆட்களும் ஆறடியைத் தாண்டியவர்கள். குள்ளமானவருக்கு அவர்கள் தலைக்கு மேல் களம் தெரியாது. ஃப்ளூட்டி அதற்கு வழி கண்டுபிடித்தார். நின்ற இடத்தில் நிற்காமல் பக்கவாட்டில் ஓடி, ஆட்களுக்கு இடையே சந்து தேடி வீசினார். மயாமியிலும் வலப்பக்கம் ஓடியதைப் பார்த்தாயே, பயந்து ஓடியதில்லை அது.

"தொழில்முறை ஆட்டத்தில் அவர் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லையாமே" என்று கடைசியில் ஒரு குத்து வேறு. எங்கே படித்தாயோ! அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் அணிகள் முதலில் அவர் உயரத்தைப் பார்த்துத் தயங்கியது உண்மை. அவர் கனடாவுக்குப் போனார். 1990 முதல் 1997 வரை அங்கே ஆடி, ஆறு முறை லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரர், மூன்று முறை லீக் கோப்பையான கிரே கப் வெற்றி. 1991-ல் ஒரே சீசனில் 6,619 யார்டு. திரும்பி வந்து 1998-ல் பஃபலோ பில்ஸ் அணியில் ஆடி, என்எஃப்எல்லின் சிறந்த ஆட்டக்காரர்கள் ஆடும் ப்ரோ பவுலுக்கும் தேர்வானார். 43 வயதில், 2006 புத்தாண்டு அன்று, பந்தைத் தரையில் தட்டி எழும்பியதும் உதைத்துப் புள்ளி எடுத்தார். 1941-க்குப் பிறகு என்எஃப்எல்லில் யாரும் செய்யாத வேலை அது. இதை ஒன்றுமில்லை என்று சொல்ல உனக்கு எப்படி மனசு வந்தது?

ஒரு விஷயத்தில் மட்டும் நீ சந்தேகப்பட்டது சரி. அந்த வீச்சைப் பார்த்து மாணவர்கள் பாஸ்டன் கல்லூரிக்கு விண்ணப்பங்களைக் குவித்தார்கள் என்று ஒரு கதை உண்டு. 'ஃப்ளூட்டி விளைவு' என்று அதற்குப் பெயர்கூட வைத்துவிட்டார்கள். அடுத்த ஓரிரு வருஷம் விண்ணப்பங்கள் கூடின, உண்மை. ஆனால் எழுபதுகளிலிருந்தே அங்கே விண்ணப்பங்கள் கூடிக்கொண்டுதான் வந்தன. கல்லூரி விடுதி கட்டியது, வெளியூர் மாணவர்களைத் தேடியது. ஒரு பந்தின் தலையில் அதையெல்லாம் ஏற்றக் கூடாது. அங்கே சந்தேகப்படத் தெரிந்த நீ, "ஒரு வீச்சு, ஒரு விருது" என்ற கதையை மட்டும் ஏன் அப்படியே விழுங்கினாய்?

இனி ஒரு ஆட்டக்காரரைப் பற்றி எனக்கு எழுதுவதானால், அவருடைய சிறந்த நிமிஷத்தை விட்டுவிட்டு, யாரும் பார்க்காத முதல் வருஷத்தைத் தேடிப் படித்துவிட்டு எழுது. பிறகு அதிர்ஷ்டமா திறமையா என்று எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம். மயாமி ஆட்டத்தை முதல் நிமிஷத்திலிருந்து முழுசாகப் பார். மூன்று மணி நேரம் ஆகும், ஆகட்டும். பார்த்த பிறகும் உன் கருத்து மாறாவிட்டால், காரணத்தோடு எழுது. பதில் போடுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்