மகள் பேரில் ஒரு மாங்கன்று



மாங்கன்று வைப்போம் என்று குழுக் கூட்டத்தில் பேச்செடுத்தால், "அது காய்க்கிறப்ப நாம இருக்கணுமே" என்று பெரியம்மாக்கள் சிரிப்பார்கள். கொட்டை போட்டு முளைத்த மரம் காய்க்கப் பல வருஷம் ஆகும்தான். ஒட்டுக்கன்றில் 4, 5 வருஷத்திலேயே பழம் பறிக்கலாம்.

ஆடி முதல் கார்த்திகை வரை நடலாம். குழி நீளம், அகலம், ஆழம் எல்லாம் 3 அடி. மேல்மண்ணோடு 10 கிலோ மக்கிய தொழு உரம் கலந்து நிரப்புங்கள். ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்கு மேலே இருக்கட்டும். அதற்குக் கீழே துளிர் வந்தால் கிள்ளி விடுங்கள். அது நாம் காசு கொடுத்த ரகம் இல்லை.

முதல் 3 வருஷம் வரும் பூவை உருவிப்போட வேண்டும். பிள்ளைகள் அழும், நமக்கும் மனசு வராது. ஆனால் விட்டால் கன்று தேறாது.

நான் பார்த்தவரை கன்று பட்டுப்போவது முதல் கோடையில்தான். "யாராவது ஊத்துவாங்க" என்று ஆளாளுக்கு இருந்துவிடுகிறோம். அதனால் நடும் அன்றைக்கே வீட்டுக்காரர், மாமியார், பிள்ளைகள் எல்லோரும் ஒரு பிடி மண் போடுங்கள். யாருக்கு எந்தக் கிழமை தண்ணீர் முறை என்று அங்கேயே பேசிக்கொள்ளுங்கள். மகள் பேரில் வைத்தால், கல்யாணமாகிப் போனாலும் அது அவள் மரம்தான் என்பதை அவள் அண்ணன் தம்பி காதிலும் போட்டு வையுங்கள்.