தொலைவிடத்துச் சேவையகமும் தெரிந்து தெளிதலும்

வள்ளுவர் பொருட்பாலிலே ‘தெரிந்து தெளிதல்’ என ஓர் அதிகாரமும், அதனை அடுத்துத் ‘தெரிந்து வினையாடல்’ என ஓர் அதிகாரமும் வகுத்தார். ஒருவனை ஆராய்ந்து நம்புதல் முன்னது. நம்பியவனை ஏற்ற வினையில் ஏவுதல் பின்னது. இம்முறைவைப்பு அரசர்க்கே உரியதென எண்ணற்க. கணினித் துறையிலே இன்று நாள்தோறும் நிகழும் ஒரு செயலுக்கும் இதுவே இலக்கணமாதலை ஈண்டு மாணவர் பொருட்டு விளக்குவாம்.

பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் உள்ள நம் தர்மபுரத்தில் இருந்து ஒரு மாணவன் தன் பரீட்சைப் பெறுபேற்றைக் கைபேசியிற் காண்கின்றான். அவனுக்கு விடையளிப்பது தொலைவிலுள்ள ஒரு சேவையகம். ஒரு சேவையகமாயின் ஒருவர் அருகிருந்து அதனை ஒழுங்குசெய்தல் கூடும். நூறாயின் கைவேலை பயன்படாது. ஒன்றில் இட்ட திருத்தம் மற்றொன்றில் விடுபடும். நாளடைவில் ஒன்றுபோல் மற்றொன்று இராது. இதன் கேட்டை நம் நாடே கண்டது. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்க முகிலைக் கப்பங்கோரும் தீநிரல் தாக்கியபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையுள்ள மின்னஞ்சல்கள் அழிந்தன. அங்கிருந்த மின்னஞ்சல் மென்பொருள் காலங்கடந்த பதிப்பாய் இருந்தமையும் அப்போது வெளிப்பட்டது.

பல சேவையகங்களை ஒரே ஒழுங்கில் வைத்தற்கு எழுந்த கலையே உள்ளமைவு முகாமைத்துவம். ஒஸ்லோப் பல்கலைக்கழகத்தில் மார்க் பேர்ஜெஸ் என்பார் 1993இல் ஆக்கிய ‘சீஎவ்என்ஜின்’ இதன் முன்னோடி. பின்னர் 2005இல் பப்பெற், 2009இல் செவ், 2011இல் சோல்ற் என்பன தோன்றின. இவற்றின் பொதுமுறை எளியது. சேவையகம் எந்நிலையில் இருத்தல் வேண்டும் என்பதைத் தலைமைச் சேவையகத்தில் எழுதிவைப்பர். ஒவ்வொரு சேவையகத்திலும் ‘முகவர்’ எனப்படும் சிறு நிரல் ஒன்று வாழும். பப்பெற்றின் முகவர், வேறு கட்டளை இல்லாதவிடத்து, 30 நிமிடத்துக்கு ஒருமுறை தலைமையை வினவும். எழுதிய நிலைக்கும் இருக்கும் நிலைக்கும் வேறுபாடு கண்டால் அவ்வேறுபாட்டை மட்டும் திருத்தும். வேறுபாடு இல்லையேல் வாளாவிருக்கும்.

இனி, அம்முகவர் அங்கே குடிபுகுவது எங்ஙனம்? வழிகள் மூன்று. சேவையகத்தின் மூலப்படிமத்திலேயே முகவரை அடக்கிவைத்தல் ஒன்று; இது விரைவானது, ஆயின் படிமம் பழசானால் முகவரும் பழசாகும். சேவையகம் முதன்முதல் எழும்போது ‘கிளவுட்-இனிற்’ போன்ற நிரல், உடன் அனுப்பிய குறிப்பைப் படித்து முகவரை நிறுவுதல் இரண்டாவது. இயக்குநர் எஸ்.எஸ்.எச். என்னும் மறைகுறித் தொடர்பால் உட்சென்று நிறுவுதல் மூன்றாவது. செவ் பயில்வோர் இம்மூன்றாம் முறையை நன்கு அறிவர்.

இக்கலைக்கு நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2005இல் தோன்றிய டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனம் ‘ஸ்திராற்றோஸ்’ என்னும் முகில் மேடையை ஆக்கி, 2013இல் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளைக்கு அளித்தது. அம்மேடையிற் புதிய மெய்நிகர்க் கணினி பிறக்கும்போதே தலைமையின் முகவரி முதலிய குறிப்புக்கள் அதனோடு செல்லும். பப்பெற் முகவர் முதலில் எழுந்து, அம்முகவரியை நாடி, வேண்டிய மென்பொருள்களை வருவிக்கும். அவற்றோடு இரண்டாம் முகவர் ஒன்றும் வரும். ‘யான் ஆயத்தம்’ என அவ்விரண்டாம் முகவர் அறிவித்த பின்னரே அக்கணினிக்கு வேலை பகிரப்பெறும். அத்திட்டம் இன்று ஓய்வுபெற்றுவிட்டதாயினும் அது காட்டும் ஒழுங்கு பயிலத்தக்கது.

இவ்வளவும் நிறுவும் முறை. இடர்ப்பாடு முதற் சந்திப்பிலே உள்ளது. புதிய ஆசிரியர் ஒருவர் பாடசாலைக்கு வந்து, ‘என்னை இங்கு நியமித்துள்ளார்கள்’ என்கின்றார். அதிபர் நியமனக் கடிதத்தைப் பார்ப்பார். ஐயமிருப்பின் வலயக் கல்வி அலுவலகத்தை வினவுவார். சேவையகம் பிறந்த கணத்தில் அதனிடம் யாது கடிதம் உண்டு? பப்பெற் முகவர் தனக்கெனத் திறவுகோற் சோடியை ஆக்கி, ‘என்னை ஏற்றுச் சான்றிதழ் தருக’ எனத் தலைமைக்கு விண்ணப்பிக்கும். மனிதர் ஒருவர் பார்த்துக் கையொப்பமிடுவதாயின் தன்னியக்கம் அங்கேயே தடைப்படும். வந்த விண்ணப்பம் அனைத்துக்கும் தானாகவே ஒப்பமிடுவதாயின், தலைமையை எட்டக்கூடிய எவனும் உறுப்பினனாகி, கடவுச்சொல் முதலிய மறைபொருள்களைப் பெறுவான்.

இவ்விரண்டுக்கும் இடைவழி ஒன்று உண்டு. சேவையகத்தைப் பிறப்பிக்கும் நிரலே ஒருமுறை மட்டும் செல்லும் மறைச்சொல் ஒன்றை அதனிடம் கொடுத்தனுப்பும். விண்ணப்பத்தோடு வரும் அச்சொல்லைத் தலைமை சரிபார்த்து, ஒத்தால் ஒப்பமிடும். உடன் அனுப்பும் குறிப்பை அக்கணினியிலுள்ள பிற நிரல்களும் படித்தல் கூடுமாதலின், அச்சொல் விரைவிற் காலாவதியாதல் வேண்டும். முகவரும் தன் தலைமை மெய்யான தலைமையா என அதன் திறவுகோலின் கைரேகையைக் கொண்டு ஆராய்தல் வேண்டும். சேவையகத்தை அழிக்கும்போது அதன் சான்றிதழையும் இரத்துச் செய்தல் வேண்டும். இளைப்பாறியவர் பெயரை வரவுப் பதிவேட்டில் விட்டுவைத்தல் முறையன்று.

இவை வெறும் அச்சமல்ல. முகவர் பெரும்பாலும் முழு அதிகாரத்தோடு இயங்குவது. ஆகவே தலைமையை வென்றவன் எல்லாச் சேவையகங்களையும் வென்றவனாவான். 2020 ஏப்ரல் இறுதியில், சோல்ற்றின் தலைமையை அடையாளச் சோதனையின்றியே எவரும் ஏவத்தக்க குறையொன்றை எவ்-செக்கியூர் நிறுவனம் வெளிப்படுத்தியது. 6,000க்கு மேற்பட்ட தலைமைகள் பொது இணையத்தில் திறந்துகிடந்தமையும் அந்நிறுவனம் கண்டது. திருத்தம் வெளிவந்திருந்தும், சில நாட்களுள் லினியேஜ்ஓஎஸ், கோஸ்ற் என்னும் பெயர்பெற்ற திட்டங்களின் சேவையகங்களில் அயலார் புகுந்தனர். தலைமையை வேண்டியோர்க்கன்றிப் பிறர்க்குத் திறந்துவையாமையும், திருத்தத்தை உடன் இடுதலும் இதனாற் பெறப்படும் பாடங்கள்.

முகவரே வேண்டாமெனக் கொண்டு 2012இல் எழுந்தது அன்சிபிள். அது மறைகுறித் தொடர்பாலேயே பணிபுரியும். ஆயினும் அத்தொடர்பின் திறவுகோலை யார் கையில் ஒப்புவிப்பது என்னும் வினா அங்கும் நிற்கும். கருவி மாறினும் வினா மாறாது.

கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகின்றது. நம் மாணவர் சிலர் அங்கும், பழைய மாணவர் சிலர் கடல் கடந்தும் இத்துறையிற் புகக்கூடும். விரைந்து நிறுவும் வன்மையை அவர்கள் எளிதிற் பெறுவர். நிறுவுமுன் ‘இவ்வேவலை இடுவோன் யார், ஏற்போன் யார்’ எனத் தெளியும் பழக்கமோ முயன்று பெறவேண்டியது. முன்னதாகிய தெளிதல் இன்றேல் பின்னதாகிய வினையாடல் கேடாய் முடியும் என்பது ஒருதலை.