ஐம்பது வருடம் ஒளிந்திருந்த ஓட்டை

கேள்வி: அம்மாவுக்கு வயது 52, கொழுந்து பறிக்கிறார். இருமலுக்குப் படம் பிடித்ததில், நெஞ்சுக்கடியில் ‘பிறவி ஓட்டை’ என்கிறார்கள். இத்தனை வருடமும் தெரியாமலா இருந்தது? – வாசகி, கலஹா

பதில்: இருக்கலாம், மகள். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்திரை (பள்ளிப் புத்தகத்துப் பிரிமென்றகடு) கருவிலேயே மூடிக்கொள்ள வேண்டும். பின்புறம், பெரும்பாலும் இடப்பக்கம், இடைவெளி மிஞ்சினால் அது போக்டாலெக் ஹேர்னியா. பிராக் நகர உடற்கூற்றியலாளர் போக்டாலெக் 1848இல் விவரித்தது. பெரிய ஓட்டை பிறந்தவுடனேயே மூச்சைத் திணறடிக்கும். சின்னதைக் கொழுப்பு அடைத்துக்கொண்டால் சத்தமே இராது.

ஸ்கேன் அறிக்கையில் ஒன்றைத்தான் பார்க்க வேண்டும்: மேலே ஏறியிருப்பது கொழுப்பா, குடலா? கொழுப்பு மட்டுமென்றால் பெரும்பாலும் கண்காணித்தாலே போதும். குடலோ இரைப்பையோ என்றால் நெரிபடும் அபாயமுண்டு. வலியில்லாவிட்டாலும் சத்திரசிகிச்சை நிபுணரிடம் காட்டுங்கள். தலைக்கயிற்றில் தொங்கும் கொழுந்துப் பாரத்தைப் பற்றியும் அவரிடமே கேளுங்கள். திடீர் வயிற்றுவலி, வாந்தி, மூச்சுத்திணறல் வந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் பேராதனை ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடியுங்கள், நடுச்சாமமானாலும்.