செல்ஃப் சுற்றுதா, சொல்லு முதல்ல

1. வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னு போன் வந்ததும் ஸ்பேனர் பெட்டியைத் தூக்காதே, தம்பி. செல்ஃப் சுற்றுதா இல்லையான்னு கேள். சுற்றலைன்னா கோளாறு பேட்டரி, செல்ஃப் பக்கம். நல்லா சுற்றியும் இன்ஜின் பிடிக்கலைன்னா பெட்ரோல் வரலை, இல்லை பிளக்கில் பொறி இல்லை. இது தெரியாம கை வைக்கிறவன் நாள் முழுக்கக் கழற்றி மாட்டிக்கிட்டே இருப்பான்.

2. செல்ஃப் சுற்றாத வண்டியில் ஹெட்லைட்டைப் போட்டுட்டுச் சாவியைத் திருப்பு. வெளிச்சம் அப்படியே செத்துப்போனா பேட்டரி இறங்கியிருக்கு, இல்லை டெர்மினல் பிடிக்கலை. வெளிச்சம் குறையாம 'டக்'னு ஒரு சத்தம் மட்டும் வந்தா செல்ஃப் மோட்டாரைப் பார். சத்தமே இல்லையா? கிளட்சை முழுசா மிதிச்சீங்களா, ஆட்டோமேட்டிக்னா கியர் 'பி'யில் இருக்கான்னு கேட்டுடு. கேட்கக் கூச்சப்படாதே.

3. மீட்டர் வைக்காம "பேட்டரி போச்சு"ன்னு சொல்லாதே. வண்டி சும்மா நிற்கும்போது 12.6 வோல்ட் காட்டினா முழு சார்ஜ். 12-க்குக் கீழேன்னா இறங்கிடுச்சு. டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமா பூத்திருந்தா முதலில் நெகட்டிவைக் கழற்று, அப்புறம் பாசிட்டிவ். வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாளால் பளிச்சுன்னு தேய். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில். எர்த் வயரை பாடியில் முறுக்கியிருக்கிற போல்ட்டையும் பார். அது துருப்பிடிச்சதுக்குப் புது பேட்டரி வாங்கிப் போட்டவங்களை நான் பார்த்திருக்கேன். விற்ற கடைக்காரருக்கு லாபம். வண்டி மறுநாளும் படுத்துக்கிச்சு.

4. ஜம்ப் கொடுக்கும்போது பாசிட்டிவுக்குப் பாசிட்டிவ். கறுப்பு வயரோட கடைசி முனையை இறங்கின பேட்டரியில் மாட்டாதே, இன்ஜினோட வெறும் இரும்பில் மாட்டு. பேட்டரி மேலே ஹைட்ரஜன் நிற்கும், ஒரு பொறி போதும். பீடியையும் அணைச்சிடு.

5. சுற்றுது, பிடிக்கலையா? சாவியை ஆனில் வெச்சுட்டுப் பின் சீட் பக்கம் காதைக் கொடு. இப்போதைய பெட்ரோல் வண்டிகள் பலதில் பம்ப் ரெண்டு விநாடி முனகும். முனகல் இல்லைன்னா ஃபியூஸ், ரிலே பார். அதே நம்பர் போட்ட ஹார்ன் ரிலேயை மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். மீட்டரில் சாவிப் படம் மின்னிக்கிட்டே இருந்தா வீட்டில் இருக்கிற இன்னொரு சாவியைக் கொண்டுவரச் சொல். எலி கடிச்ச வயர் இருக்கான்னும் ஒரு பார்வை. வழக்கத்தைவிட லேசா, 'விர்ர்'னு சுற்றினா உடனே நிறுத்து. டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். மேலும் மேலும் அடிச்சா வால்வு வளையும்.

6. ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதே. மோட்டார் சூடாகிக் கருகும்.

7. தண்ணீரில் நின்ற வண்டிக்குச் சாவியே போடாதே. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் நிறைய பேர் அவசரப்பட்டுச் சாவியைத் திருப்பித்தான் இன்ஜினை இழந்தாங்க. சிலிண்டருக்குள்ளே போன தண்ணீரைப் பிஸ்டன் அமுக்க முடியாது, கனெக்டிங் ராடுதான் வளையும். நெகட்டிவைக் கழற்றிட்டு ஏர் ஃபில்டர் பெட்டியைத் திற. ஈரம் இருந்தா டோ வண்டியை வரச் சொல்லிடு. ஷெட்டில் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றின பிறகுதான் மற்றதெல்லாம்.