தலைவலியும் மாத்திரையும்: மலைச்சரிவு மக்களுக்கு ஒரு பாடம்

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்" என்பது நம் நாட்டுப் பழமொழி. காய்ச்சலையாவது பிறர் தொட்டுப் பார்த்து அறியலாம். தலைவலியை அறிய அவ்வழியும் இல்லை. ஆகையால், மாதத்தில் பாதி நாள் தலைவலியோடு வாழ்பவரை, வேலைக்கு அஞ்சிச் சாக்குச் சொல்கிறார் என்று வீட்டாரும் கங்காணியும் கருதிவிடுவதுண்டு. நாள் கூலியை நம்பி வாழும் குடும்பத்திற்கு இந்நோயால் விளையும் நஷ்டம் சிறிதன்று.

போடிநாயக்கனூரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மடியில் அமைந்துள்ள சிற்றூர் குரங்கணி. ஏலமும் காப்பியும் மிளகுமே இம்மலைப் பகுதியின் செல்வம். போடி வட்டாரத் தொழிலாளர் பலர், அவர்களுள்ளும் பெண்கள் மிகுதியாக, காலையிலேயே ஜீப்புகளில் ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத் தோட்டங்களுக்குச் செல்கின்றனர். தோட்டத்தில் தலைவலி கண்டால் கைக்கு எட்டுவது முந்தானையில் முடிந்துவைத்த மாத்திரையே. அன்றைய வலி தணிகிறது. அன்றைய கூலியும் காக்கப்படுகிறது. ஆயினும், சில ஆண்டுகளில் அதே மாத்திரை பலன் தராமற் போவதும், வலி முன்னிலும் அடிக்கடி வருவதும் ஏன்? இதற்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கம்.

இருவகைத் தலைவலி

அடிக்கடி வரும் தலைவலிகளுள் முதன்மையானவை இரண்டு. ஒன்று இறுக்கத் தலைவலி. தலையைச் சுற்றிக் கயிறு கட்டியதுபோல் இருபுறமும் அழுத்தும். ஆயினும் பெரும்பாலும் வேலை செய்ய இயலும். மற்றொன்று ஒற்றைத் தலைவலி. பெரும்பாலும் ஒரு பக்கத்தில் விண்விண்ணென்று தெறிக்கும், குமட்டும், வெளிச்சத்தையும் ஓசையையும் பொறுக்க இயலாது. சிகிச்சையின்றேல் 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். இது ஆண்களைவிடப் பெண்களுக்கே மிகுதி. பெங்களூரிலும் அதன் சுற்றுப்புற ஊர்களிலும் நடத்தப்பெற்று 2015ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, ஓராண்டில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு ஒற்றைத் தலைவலி வந்ததெனக் காட்டியது.

மருந்தே நோயாகும் விதம்

வலி மாத்திரையை அடிக்கடி உட்கொண்டால், வலியை உணரும் மூளைப் பாதைகள் நாளடைவில் கூருணர்ச்சி பெற்றுவிடுகின்றன. மாத்திரையின் வேகம் தணிந்ததும் வலி திரும்புகிறது. மறுபடியும் மாத்திரை தேவையாகிறது. இங்ஙனம் மருந்தே நோயை வளர்க்கிறது. பாரசிட்டமால், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்றவற்றை மாதம் 15 நாட்களோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேற்பட்டு உண்டுவந்தால் இந்நிலை நேரலாம். காஃபீன் முதலியன சேர்ந்த கூட்டு மாத்திரைகளுக்கு 10 நாட்களே எல்லை. எத்தனை மாத்திரை என்பதைவிட எத்தனை நாள் என்பதே இங்கு முக்கியம். தலைவலி உள்ளவர் இடுப்புவலிக்கென உண்ணும் மாத்திரையும் இக்கணக்கில் சேரும். அன்றியும், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் வகைகள் இரைப்பையில் புண்ணை உண்டாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சன்றோ!

தொழிலிடத்துக் காரணங்கள்

காலை உணவின்றிப் புறப்படுதல், போதிய நீர் பருகாமை, உறக்கக் குறைவு, கடும் வெயில் ஆகியன ஒற்றைத் தலைவலியைத் தூண்டுபவை. ஓயாது காப்பி, தேநீர் பருகுவதும், அவற்றைத் திடீரென நிறுத்துவதும் அத்தகையனவே.

வேறு இரண்டையும் மலைத் தொழிலாளர் அறிந்திருத்தல் அவசியம். விறகு எரித்து ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்தில் காற்றோட்டம் குன்றினால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு தேங்கும். உள்ளிருக்கும் பலருக்கும் ஒரே வேளையில் தலைவலியும் மயக்கமும் கண்டால், உடனே எல்லோரும் வெளியேற வேண்டும். பூச்சிமருந்து தெளித்தபின் தலைவலியுடன் மிகுந்த வியர்வை, உமிழ்நீர்ப் பெருக்கு, கண்மங்கல் தோன்றினால் அது நஞ்சின் அடையாளம். உடையை மாற்றி, உடலைச் சோப்பிட்டுக் கழுவி, மருந்துப் புட்டியின் சீட்டுடன் தாமதமின்றி மருத்துவமனை சேர்க்க வேண்டும். இவ்விரண்டிற்கும் வலி மாத்திரை பரிகாரமாகாது.

செய்ய வேண்டுவன

1. வீட்டு நாட்காட்டியில், வலி வந்த நாளுக்கு ஒரு வட்டமும், மாத்திரை உண்ட நாளுக்கு ஒரு பெருக்கற்குறியும் இடுக. எழுத்தறியாதாரும் இதனைச் செய்யலாம். மாத முடிவில் எண்ணிப் பார்த்து, அத்தாளை மருத்துவரிடம் காட்டுக. கண்ணுக்குத் தெரியாத நோய்க்கு இதுவே சாட்சி.

2. வலி மாத்திரையை வாரத்தில் இரண்டு நாட்களுக்கு மேல் உட்கொள்ளாதிருத்தல் நலம். உண்ணும் நாளில், வலியின் தொடக்கத்திலேயே, மருத்துவர் குறித்த முழு அளவை உண்க.

3. வலி அடிக்கடி வருமாயின், தடுப்பு மருந்து உண்டா என்று கேட்டறிக. இதய நோயாளருக்குத் தந்த புரோப்ரனலால் என்னும் மருந்து ஒற்றைத் தலைவலியையும் குறைப்பது 1966இல் அறியப்பட்டது. ஆஸ்துமா உடையவர்க்கு அது ஆகாது. அமிட்ரிப்டிலினும் இவ்வாறு பயன்படுகிறது. நாள்தோறும் உண்டு, இரண்டு மூன்று மாதங்கள் பொறுத்த பின்னரே இவற்றின் பலனை அளவிட இயலும்.

4. மிகையாக உண்டுவந்த மாத்திரையை மருத்துவரின் துணையோடு நிறுத்துக. முதல் 2 முதல் 10 நாட்கள் வரை வலி மிகக்கூடும். இதனை முன்னரே அறியாதவர், மாத்திரையின்றி வாழவே முடியாதென்று மனந்தளர்ந்து பழைய வழிக்குத் திரும்புகின்றனர். ஏலக்காய்ப் பறிப்பு மும்முரமில்லாத காலம் இதற்கு உகந்தது.

தலைவலி முற்றும் ஒழியுமென எல்லோருக்கும் உறுதி கூற இயலாது. வலி நாட்கள் பாதியாகக் குறைந்தாலே அது சிகிச்சையின் வெற்றியாகும்.

அபாயக் குறிகள்

நொடியில் உச்சத்தை எட்டும் கடும் வலி, காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு, கைகால் சோர்வு, பேச்சுக் குழறல், வலிப்பு, தலையில் அடிபட்டபின் வலி, கர்ப்பிணிக்குப் பார்வை மங்கலுடன் வலி ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் 108 ஆம்புலன்ஸை அழைக்க. 50 வயதுக்கு மேல் புதிதாகத் தோன்றும் தலைவலியையும் மருத்துவரிடம் காட்டாது விடலாகாது.

ஊரார் கடமை

மகளிர் சுய உதவிக் குழுக்கள் தங்கள் கூட்டத்தில் நாட்காட்டிக் குறிப்பு முறையைக் கற்பிக்கலாம். தோட்ட உரிமையாளர் குடிநீருக்கும், வேளை தவறாத உணவு இடைவேளைக்கும், உலர்த்தும் கட்டடத்தின் காற்றோட்டத்திற்கும் வகைசெய்தல் வேண்டும். வலியுற்றவரைச் சோம்பேறியென்று ஏசாமல், நிழலில் சற்றே இளைப்பாற விடுதல் கங்காணியின் பொறுப்பாகும். இவையாவும் பெருஞ்செலவின்றி நிறைவேறக்கூடியவை. இம்மாதமே நாட்காட்டியில் முதற்குறியை இடத் தொடங்குவோமாக!