ஐப்பசிக்கு முன் ஒரு பள்ளம்

ஆவணி கழிந்து புரட்டாசி பிறக்கும் இந்தச் சில வாரங்களில், சென்னையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் சொந்த வீட்டில் வசிப்பவர்கள், மொட்டைமாடி ஒழுகுமா என்று அண்ணாந்து பார்ப்பதோடு நின்றுவிடாமல், வாசற்கேட்டுக்கும் சம்ப்புக்கும் நடுவே மண்ணுக்கடியில் கிடக்கும் குடிநீர்க் குழாயின் க்ஷேமத்தையும் விசாரித்துக்கொள்வது அவசியம். வடகிழக்குப் பருவமழை சாதாரணமாக அக்டோபர் 20ஆம் தேதியை ஒட்டித் தொடங்குகிறது. வருஷத்தில் ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் பெய்யும் இந்நகரில் பாதிக்கு மேற்பட்ட மழை அதன் பிறகே பொழிகிறது. அப்போது பள்ளம் தோண்டுகிறவர் குழாய் பதிப்பதற்குப் பதில் குளம் வெட்டியவராவார்.

குழாய் கசிந்தால் கொஞ்சம் நீர் வீணாகும், அவ்வளவுதானே என்று எண்ணுகிறவர் பலர். தெருக்குழாயில் நாள் முழுவதும் நீர் ஓடும் ஊர்களில் அந்த எண்ணம் ஓரளவு பொருந்தலாம். நமக்கோ நீர் சில மணி நேரம் வந்து நின்றுவிடுகிறது. வரும் வேளையில் உள்ளிருக்கும் அழுத்தம் துளை வழியே நீரை மண்ணுக்குள் தள்ளுகிறது. நின்ற பின், மிச்ச நீர் தாழ்ந்த இடம் நோக்கி வடிய, வெறுமையான குழாய் அதே துளை வழியே மண்ணில் ஊறிய நீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. லைனிலேயே மோட்டாரைப் பூட்டி உறிஞ்சும் வழக்கம் சட்டவிரோதம் என்பது ஒருபுறமிருக்க, இந்த விபரீதத்தைப் பன்மடங்காக்கவும் செய்கிறது. கோடையில் மண் வறண்டிருப்பதால் தப்புகிறோம். கார்த்திகையில் சாக்கடை நிரம்பி அந்த மண்ணிலேயே இறங்கும்போது, காலையில் முதற்குடம் பிடிப்பவருக்கு அதன் பிரசாதம் கிடைக்கிறது.

ஆகவே முதலில் பரீட்சை. நீர் வரும் நேரத்தில் சம்ப்பின் வாயிலுள்ள வால்வை இறுக மூடிவிட்டு, கேட்டருகே குழாயில் காதை வைத்துக் கேளுங்கள். மூடிய பிறகும் ஓடும் ஓசை கேட்டால் நீர் வேறெங்கோ போகிறது. முதலில் வரும் நீர் செம்பழுப்பாயிருந்தாலும், சாக்கடை நாற்றம் வீசினாலும், துத்தநாகம் பூசிய அந்தப் பழைய ஜி.ஐ. குழாய் தன் ஆயுளை முடித்துக்கொண்டது என்று கொள்ளலாம். மரை வெட்டும்போது பூச்சும் போய் இரும்பும் மெலிந்துவிடுவதால் எல்போக்களும் கப்ளிங்குகளும் முதலில் அரிக்கும். ஓரிடத்தை ஒட்டுப்போட்டால் அடுத்த இடத்தில் ஒழுகும்; முழுதும் மாற்றுவதே சிலாக்கியம்.

தெருவிலுள்ள பிரதானக் குழாயையும் அதனோடு சேரும் இணைப்பையும் நாம் தொடலாகாது. அது மெட்ரோ வாட்டரின் காரியம், அவர்களுக்கு எழுதிக் கொடுங்கள். மதிலுக்கு உட்பட்ட இருபது முப்பது அடியை மட்டும் இருவர் இரண்டு நாளில் முடிக்கலாம். ஆனால் கடப்பாறையை எடுப்பதற்கு முன் ஒரு விஷயத்தில் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். பழைய வீடுகளில் மின்சாரத்தின் எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயிலேயே சுற்றிவைக்கும் வழக்கம் இருந்தது. இரும்பை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக்கைப் பதித்தால் வீடு முழுவதும் எர்த் இல்லாமற்போகும். குழாயை அறுக்கும் கையில் ஷாக் அடிக்கவும் கூடும். எலெக்ட்ரீஷியனைக் கொண்டு அதைப் பார்த்துத் தனி எர்த் போட்டுக்கொண்ட பிறகு, மெயினை அணைத்துவிட்டே வேலையைத் தொடங்குங்கள்.

சுருளாகக் கிடைக்கும் கறுப்பு எச்.டி.பி.ஈ. குழாயே இதற்கு என் சிபாரிசு. பள்ளத்துக்குள் ஓர் இணைப்புக்கூட இல்லாமல் ஒரே நீளமாகப் போடலாம். இரும்பை உள்விட்டக் கணக்கிலும் இதை வெளிவிட்டத்தாலும் அளப்பதால், முக்கால் அங்குலத்துக்குப் பதில் 20 மில்லிமீட்டர் கேட்டு வாங்கினால் ஓட்டம் குறுகும். 25, முடிந்தால் 32 வாங்குங்கள். பள்ளம் ஒன்றரை அடி ஆழம் போதும். சாக்கடைக் குழாய்க்கு அருகே போகவேண்டியிருந்தால் எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு விலகியும், குறுக்கே கடந்தாக வேண்டுமானால் அதற்கு மேலாகவும் போகட்டும். செங்கல் துண்டுகளைப் பொறுக்கிவிட்டு, அடியில் நாலங்குலம் மணல் பரப்பிப் பதியுங்கள்.

இந்தக் குழாய் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். பத்து மீட்டரில் பதினைந்து டிகிரி வித்தியாசத்துக்கே ஓர் அங்குலம் போல மாறும். முதன்முறை செய்தபோது நான் நடுப்பகலில் விறைப்பாக இழுத்து இரு முனையும் பூட்டிவிட்டு, பெரிய பொறியாளனைப்போலத் தூங்கப்போனேன். விடியற்காலையில் ஒரு முனை கழன்று, வாசலில் போட்டிருந்த கோலம் மிதந்துகொண்டிருந்தது. பாம்புபோல நெளியவிட்டு, காலை வேளையில் இணையுங்கள். முனையை நேராக அறுத்து விளிம்பைச் சீவி, ஃபிட்டிங்கின் ஆழத்தைச் சாக்பீஸால் குழாயில் குறித்து, அந்தக் குறி மறையும்வரை தள்ளிய பிறகே நட்டை முறுக்க வேண்டும். சம்ப்புக்குள் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு ஒரு சாண் உயரத்தில் நிற்கட்டும். மூழ்கியிருந்தால் சம்ப் நீரையே தெருக்குழாய் திரும்ப உறிஞ்சும்.

பத்து லிட்டர் நீரில் இரண்டு கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளியவைத்து, தெருப்பக்கத்தில் இணைக்கும் முன்னரே குழாய் நிறைய ஊற்றி, இரு முனைகளையும் அடைத்து ஓரிரவு விட்டு மறுநாள் கொட்டிவிடுங்கள். இணைத்த பின், முதலில் வரும் நீரை வாசலில் ஓடவிட்டு, வாசனை போன பிறகே சம்ப்புக்குத் திருப்புங்கள். இரண்டு முறை நீர் வந்து நின்று, இணைப்புகள் காய்ந்தே இருப்பதைக் கண்ணால் கண்டபின் பள்ளத்தை மூடலாம். மூடுவதற்கு முன் மதிலிலிருந்து குழாய் எத்தனை அடியில், எவ்வளவு ஆழத்தில் போகிறதென்று அளந்து கேட்டுக்குப் பின்புறம் பெயின்டால் எழுதி வையுங்கள். அடுத்த வருஷம் அங்கே தென்னங்கன்று நட வருகிறவர் கடப்பாறையோடுதான் வருவார்.